நெருக்கியாடும் முறை: அதன் வரலாறும் ஊவாத் தோட்டப் பகுதிச் சிறுவரும்

உதைபந்தாட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பந்தைக் காலடியில் வைத்திருந்தவர்களின் வரலாற்றையே எழுதிச் சென்றுள்ளனர். கோலடித்தவன் பெயர் நிலைத்தது. அதற்குச் சற்று முன் எதிரியின் காலிலிருந்து அப்பந்தை மீட்டுத் தந்தவன் பெயர் மறைந்தது. ஆயின், தொண்ணூறு நிமிட ஆட்டமொன்றில் எந்த ஆட்டக்காரனிடத்தும் பந்து ஒருசில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. எஞ்சிய நேரமெல்லாம் அவன் பந்தில்லாதவனே. அந்நேரத்தில் அவன் செய்யத்தக்கது யாது என்னும் வினாவுக்கு விடை தேடியவர்களே இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வாட்டத்தின் தோற்றத்தை மாற்றியவர்கள்.

அவர்கள் கண்ட விடைகளுள் தலையாயது நெருக்கியாடும் முறையாகும். எதிரணியினர் பந்தைப் பெற்றதும் தம் கோலை நோக்கிப் பின்வாங்கி நிற்பதை விடுத்து, பந்துள்ள இடத்துக்கே பலர் ஒருங்கு சென்று, பந்துடையவனுக்குத் தலைநிமிர்ந்து பார்க்கவும் எண்ணவும் நேரமில்லாமற் செய்து, ஒன்றிற் பந்தைக் கவர்தல், அன்றேல் அவனைத் தவறாக உதைக்கத் தூண்டுதல் என்பதே இம்முறையின் சுருக்கம். தொலைக்காட்சி வருணனையாளர் இதனைப் பிரெஸ்ஸிங் என்பர். இக்கட்டுரையில் நெருக்குதல் என்னும் சொல்லாற் குறிப்போம்.

இதனை லுணுகலையை முன்வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. பதுளையிலிருந்து பசறையைக் கடந்து பிபிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூரைச் சுற்றிலும் தேயிலைச் சரிவுகளே, சமநிலம் அரிது. 1869ஆம் ஆண்டு தொடங்கிப் பரவிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை பயிரான இம்மலைகளில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பரம்பரை லயங்களிற் குடியமர்ந்தது. அப்பரம்பரையின் சிறுவர் பந்து உதைக்கக் கண்ட இடங்கள் பெரும்பாலும் பிரட்டுக் களமும், கோவில் முன்றிலும், தேயிலை ஏறாத துண்டு நிலங்களுமே. அவற்றில் வளர்ந்த ஆட்டத்திற் பந்தைக் கட்டுப்படுத்தும் நுட்பம் மிகுதி. பந்தில்லாதபோது செய்யத்தக்கதைப் பற்றிய போதனை குறைவு.

இன்றோ லயத்துச் சிறுவன் ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டங்களைக் கைத்தொலைபேசியிற் பார்க்கின்றான். அங்கே பதினொருவரும் பாய்ந்து பாய்ந்து பந்தைப் பறிப்பதைக் கண்டு, மறுநாள் மைதானத்திற் தானும் பாய்கின்றான். கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆசிரியரும் “ஓடு, ஓடு” என்னும் ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கின்றார். பத்து நிமிடத்தில் முன்வரிசையினர் களைத்து இடுப்பிற் கையூன்றி நிற்கின்றனர். இருபதாம் நிமிடத்தில் அவர்களுக்குப் பின்னால் அகன்று கிடக்கும் வெளியில் எதிரணி தன் விருப்பப்படி உலவுகின்றது. ஓட்டம் பின்பற்றப்பட்டது, அவ்வோட்டத்துக்கு அடியிலிருந்த உடன்பாடு பின்பற்றப்படவில்லை. நெருக்குதலைத் தோற்றுவித்தவர்கள் எப்பொழுது ஓடுவது என்பதில் எத்துணைக் கவனம் செலுத்தினரோ, எப்பொழுது ஓடாதிருப்பது என்பதிலும் அத்துணைக் கவனம் செலுத்தினர். வரலாற்றை நோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

1863ஆம் ஆண்டில் இலண்டனில் விதிகள் வகுக்கப்பட்ட காலத்தில், ஒருவன் பந்தை உருட்டிச் செல்ல ஏனையோர் அவனைச் சூழ்ந்து ஓடுவதே ஆட்டமாயிருந்தது. பலாச்சுளையை மொய்க்கும் ஈக்களைப் போன்ற அந்நிலையை எட்டு வயதுச் சிறுவரின் ஆட்டத்தில் இன்றும் காணலாம். அதனை நெருக்குதல் எனக் கொள்ளல் ஆகாது. அங்கே கூட்டம் உண்டு, ஒழுங்கு இல்லை. ஸ்கொத்லாந்தினர் பந்தை ஒருவருக்கொருவர் வழங்கியாடும் முறையை வளர்த்ததும் அக்கூட்டம் சிதறியது. பந்து மனிதனிலும் விரைந்து செல்லும் என்பது தெளிந்தபின், அதனைத் துரத்துவது அறியாமையெனக் கருதப்பட்டது.

1925ஆம் ஆண்டில் ஓப்சைட் விதி திருத்தப்பட்டது. முன்னிற்பவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும் என்றிருந்தது, இருவர் போதும் என்றாயிற்று. கோல்கள் பெருகின. அதனைத் தடுக்க ஹேர்பேர்ட் சப்மன் என்பார் இலண்டன் ஆர்சனல் அணியில் நடுவரிசையின் மையத்தவனைப் பின்வரிசைக்கு இறக்கினார். பந்தை இழந்ததும் பின்வாங்குதல், தனக்கெனக் குறிக்கப்பட்ட எதிரியைப் பற்றிக்கொண்டு நிற்றல் என்பன அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் நல்லாட்டத்தின் இலக்கணமாயின. ஒவ்வொருவனும் தன் எதிரியோடு கட்டுண்டிருக்கும்வரை, பந்துள்ள இடத்தில் மூவர் கூடுதல் இயலாது. நெருக்குதல் பிறப்பதற்கு முதலில் அக்கட்டு அறுபடவேண்டியிருந்தது.

அதனை அறுத்தவர் விக்டர் மஸ்லோவ். மொஸ்கோவிற் பிறந்த இவர் 1964ஆம் ஆண்டில் உக்ரைனின் கீவ் நகர் டைனமோ அணியைப் பொறுப்பேற்றார். எதிரியைத் தொடர்வதற்குப் பதிலாக இடத்தைக் காக்குமாறு தம் வீரரைப் பழக்கினார். ஓரத்து முன்வரிசையினரை நடுவரிசைக்கு இறக்கினார். இதனால் மைதானத்தின் நடுவில் ஆட்களின் தொகை பெருகிற்று. பந்து எவ்விடத்துக்கு வந்ததோ அவ்விடத்தைக் காப்போனும், அவனது இருபக்கத்து அயலானும் ஒருங்கே சென்று நெருக்குதல் இயல்வதாயிற்று. 1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து சோவியத் வாகையர் பட்டத்தை அவ்வணி பெற்றது. 1970இல் அவர் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பட்டங்கள் மறந்த வேகத்தை என்னென்பது! போருக்குப் பிந்திய தலைமுறையின் உணவும் உடற்பயிற்சியும் சீர்பட்டிருந்தமையாலேயே இத்தகைய ஆட்டம் கைகூடியது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். இக்கூற்றை நாம் மறத்தலாகாது. தோட்டப் பகுதியைப் பற்றிப் பேசும்போது இதற்கு மீள்வோம்.

ஏறத்தாழ அதே காலத்தில், கீவ் நகரத்துச் செய்தி எட்டாத ஒல்லாந்திலும் இவ்வெண்ணம் முளைத்தது. 1965இல் அம்ஸ்டர்டாம் ஏஜாக்ஸ் அணிக்கு வந்த றைனஸ் மிக்கெல்ஸ் மைதானத்தை விரியவும் சுருங்கவும் வல்ல ஒன்றாகக் கண்டார். பந்து நம்மிடம் இருக்கும்போது அதனை அகலமாக்குதல் வேண்டும். இழந்தபோது ஒடுக்குதல் வேண்டும். பின்வரிசையை முன்னோக்கி நகர்த்தினால், ஓப்சைட் விதியே எதிரியின் பின்வெளியைப் பறித்துவிடுகின்றது. 1974ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், யூன் 15ஆந் தேதி ஹனோவர் நகரில் ஒல்லாந்து உருகுவேயை 2–0 என வென்ற ஆட்டத்தை நிழற்படச் சுருளிற் கண்டோர் இதன் வலிமையை உணர்வர். பந்தைப் பெற்ற உருகுவே வீரன் ஒருவனை நோக்கிச் செம்மஞ்சட் சட்டையினர் ஐவர் அறுவர் ஒரே கணத்தில் மேற்செல்கின்றனர். அவன் திகைத்து நிற்பது இரக்கத்துக்குரிய காட்சியாகும். யூலை 7ஆந் தேதி மியூனிச் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் அவ்வணி மேற்கு ஜேர்மனியிடம் 1–2 எனத் தோற்றது. ஆயினும் உலகம் நினைவிற் கொண்டது தோற்றவர்களையே.

இனி இத்தாலிக்குச் செல்வோம். நம் ஆசிரியர்களுக்குப் பயன்படும் பாடங்கள் மிகுதியாகக் கிடைப்பது அங்கேதான்.

அரிகோ சாக்கி உயர்மட்ட ஆட்டக்காரராக விளங்கியவர் அல்லர். தம் தந்தையின் பாதணித் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். 1987இல் மிலான் அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவரது தகுதியை ஐயுற்றோர் பலர். 1989, 1990 ஆகிய ஈராண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று அவ்வையத்தை அவர் தீர்த்தார். முதலாண்டு அரையிறுதியில் றியல் மட்றிட் 5–0 எனவும், பார்சலோனாவில் நடந்த இறுதியாட்டத்தில் ருமேனியாவின் ஸ்தேவா 4–0 எனவும் வீழ்ந்தன. அவரது ஆட்டத்தின் உயிர் நெருக்குதலாயினும், பயிற்சியிற் பெரும்பகுதி ஓட்டத்திற் கழியவில்லை. இடைவெளிகளை அளப்பதிற் கழிந்தது. பின்வரிசையின் கடைசி ஆளுக்கும் முன்வரிசையின் தலையாளுக்கும் இடையே ஏறத்தாழ 25 மீற்றருக்கு மேல் தூரம் இருத்தலாகாது என்பது அவரது கணக்கு. பந்தே இல்லாமற் பதினொருவரையும் மைதானத்தில் நிறுத்தி, பந்து இன்ன இடத்திலுள்ளது என அவர் சொல்ல, அதற்கேற்ப அனைவரும் நகர்ந்து நிற்பர். பார்த்தவர்க்கு இது பித்தர் கூட்டமாகவே தோன்றியிருக்கும்.

அவரது அணியின் உலகப் புகழ்பெற்ற வீரர் சிலரே இம்முறையில் ஐயங்கொண்டனர். சாக்கி ஒரு சோதனை வைத்தார். பந்துக்காப்பாளனும் பின்வரிசை நால்வருமாக ஐவர் ஒருபுறம். முன்னணி வீரர் பதின்மர் மறுபுறம். பதின்மர் பதினைந்து நிமிடத்தில் ஒரு கோலேனும் அடிக்கவேண்டும். பந்தை இழந்தால் தம் பாதியிலிருந்து மீளத் தொடங்கவேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. பலமுறை முயன்றும் பதின்மரால் அடிக்க இயலவில்லை. ஒழுங்குற்ற ஐவர் ஒழுங்கற்ற பதின்மரை வெல்வர் என்பதனைச் சொற்பொழிவால் நிறுவாமல் மைதானத்தில் நிறுவிய அவ்வாசிரியத் திறன் போற்றுதற்குரியது.

சாக்கி நெருக்குதலை மூவகையாகப் பிரித்தார். பந்தைக் கவர்வதற்கென்றே அனைவரும் மேற்செல்லும் முழு நெருக்குதல் ஒன்று. எதிரியைத் தாமதப்படுத்தி ஒரு பக்கம் ஒதுக்கும் பகுதி நெருக்குதல் மற்றொன்று. மூன்றாவது, நெருக்குவது போலத் தோற்றங்காட்டி உண்மையில் இளைப்பாறும் பொய் நெருக்குதல். ஐரோப்பாவின் வலுவான உடலினர்க்கே இளைப்பாறும் வகையொன்று வேண்டியிருந்தது என்பதனை நம்மவர் ஊன்றி நோக்குவார்களாக.

இதன்பின் விதிகளும் நெருக்குவோர்க்குத் துணைநின்றன. 1992ஆம் ஆண்டு முதல், தன் அணியினன் காலால் வேண்டுமென்றே பின்னோக்கி வழங்கிய பந்தைப் பந்துக்காப்பாளன் கையால் எடுத்தல் தடைசெய்யப்பட்டது. அதுவரை நெருக்குண்டவனுக்குப் பின்னால் ஒரு புகலிடம் இருந்தது, அது மூடப்பட்டது. பார்சலோனா அணி பெப் குவார்டியோலாவின் கீழ் 2008 முதல் 2012 வரை, பந்தை இழந்த இடத்திலேயே ஒருசில வினாடிக்குள் மீட்க முயன்றது. மீளாதாயின் ஒழுங்குடன் பின்வாங்கிற்று. ஜேர்மனியில் றல்ப் றங்னிக் முதலானோர் இதனைப் பாடமாக்கினர். யேர்கன் குளொப்பின் டோர்ட்மண்ட் அணி 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் வாகையரானது. 2019இல் கோல் உதையைத் தண்டனைப் பெட்டிக்குள்ளேயே தன் அணியினன் ஏற்கலாம் எனத் திருத்தப்பட்டதிலிருந்து, நெருக்குவோரும் நெருக்கப்படுவோரும் கோல் வாயிலிலேயே மோதுகின்றனர்.

நம் துணைக்கண்டத்தை நோக்கின், நெருக்குதலைப் பெயர்சொல்லிக் கற்பித்த பழைய ஆசான் எவரையும் சுட்டுதல் அரிது. ஆயின், எளிய சூழலிற் கூட்டாட்டத்தைக் கற்பிப்பது எங்ஙனம் என்பதற்குச் சையது அப்துல் றகீம் சான்றாவார். ஹைதராபாத்திற் பாடசாலை ஆசிரியராக விளங்கிய இவர் 1951, 1962 ஆகிய ஆண்டுகளில் இந்திய அணிக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவ்வணி நான்காமிடம் பெற்றது. பந்தை உருட்டிச் செல்வதைத் தடைசெய்த போட்டிகளை அவர் தம் நகரில் நடத்தினார். அறிவுரையால் மாறாத பழக்கத்தை, ஆட்டவிதியை மாற்றி மாற்றினார் எனலாம். செலவில்லாத இவ்வுத்தி நெருக்குதலைக் கற்பிப்பதற்கும் ஏற்றது.

நிற்க. திருக்குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. அரசர்க்குக் கூறிய வைப்புமுறையாயினும் மைதானத்துக்கும் பொருந்துவதே. நம் பயிற்சிகளில் வலி ஒன்றே போற்றப்பட, காலமும் இடமும் கைவிடப்பட்டுள்ளன.

காலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எதிரி பந்தைப் பெற்றுத் தலைநிமிர்ந்து நிற்கும்போது அவன்மேற் பாய்தல் வீண். அவன் எளிதில் வழங்கிவிடுவான். அவன் பலவீனமுறும் கணங்கள் சிலவுள. ஏற்ற பந்து அவன் காலைவிட்டு ஒரு முழம் தெறித்தாற் பாயலாம். பந்து வானிலிருந்து இறங்கும்போதும், குண்டுங்குழியுமான தரையிற் துள்ளி வரும்போதும் அவன் கண் பந்தின்மேலேயே இருக்கும், நம்மைக் காணான். நம் கோலுக்கு முதுகுகாட்டிப் பெறுபவன், பின்னோக்கி மெதுவாக வழங்கப்பட்ட பந்தைப் பெறுபவன், பக்கக் கோட்டருகே ஒதுங்கியவன் ஆகியோரும் அத்தகையோரே. பக்கக் கோட்டுக்கு வெளியே எவனாலும் ஓட இயலாதாகையால், அக்கோடு நமக்குக் கூலியில்லாத பன்னிரண்டாவது ஆட்டக்காரன். இக்குறிகளுள் ஒன்று தோன்றும்வரை காத்திருத்தல் சோம்பலன்று. குறி தோன்றியதும் முதலிற் செல்பவன் ஒரு சொல்லைக் கூவ, அச்சொல் கேட்டவர் அனைவரும் செல்லவேண்டும். அச்சொல் எதுவாயினும் ஆகுக. அணி முழுவதற்கும் ஒன்றாய் இருத்தலே வேண்டுவது.

ஒருவன் மட்டும் சென்றால் நேர்வது யாது என்பதற்கு நம் சிறுவர்க்குப் பாரதக் கதையே போதும். பதின்மூன்றாம் நாட் போரிற் சக்கர வியூகத்தை உடைத்துப் புகுந்தான் அபிமன்யு. தொடர்ந்து புகவேண்டிய பாண்டவரைச் சயத்திரதன் வாயிலில் மறித்தான். அபிமன்யுவிடம் வீரம் குறையவில்லை. பின்தொடர்வோர் புகாமையே குறை.

சடுகுடு ஆடிய சிறுவனுக்கோ இவ்விளக்கமும் வேண்டியதில்லை. பாடி வருபவனை ஒருவன் தனித்துத் தொடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். கைகோத்து நிற்போர் அவன் மூலைக்கு வரும்வரை பின்வாங்குவர். அவன் நிலைதவறும் கணத்தில் ஒருவன் கணுக்காலைப் பிடிக்க, அக்கணத்திலேயே ஏனையோர் வளைப்பர். ஐரோப்பியர் அண்மைக்காலத்தில் நூலெழுதிக் கற்பிக்கும் பாடம் நம்மூர் மணற்றரையில் நெடுங்காலமாக உள்ளது. அவ்வாறே கிளித்தட்டில் மறிப்பவன் எதிரியை விரட்டிச் செல்வதில்லை. அவன் செல்லும் வழியை மறித்து நிற்கின்றான். நெருக்குதலை அந்நிய நாட்டுப் புதுமையாகக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டையும் முதலில் ஆடவிட்டுப் பின்னர்ப் பந்தை இடுவாராயின் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, நெருக்கும் முறை. முதலிற் செல்பவன் நேர்கோட்டில் ஓடலாகாது. எதிரி எவனுக்குப் பந்தை வழங்க விரும்புவானோ, அவ்வழி தன் முதுகுப்புறத்தே மறையுமாறு சற்று வளைந்து செல்லவேண்டும். ஒருவனே பந்துடையவனையும் அவனது துணைவனையும் ஆட்டத்திலிருந்து நீக்கும் உத்தி இது. தொலைவில் விரைந்து ஓடி, மூன்று நான்கு அடி இருக்கும்போது அடிகளைச் சுருக்கி, முழங்காலை மடக்கி, உடலை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்றல் வேண்டும். பாய்ந்து விழுபவன் ஆட்டத்திலிருந்து தானே விலகிக்கொள்கின்றான். முதற் செல்பவன் பந்தைப் பறிக்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. அவன் தடுத்துத் திசைப்படுத்துவான், இரண்டாமவன் பறிப்பான், மூன்றாமவன் பந்து தப்பும் வழியிற் காத்திருப்பான். பறித்தவனைப் பாராட்டி முதற் சென்றவனை மறக்கும் ஆசிரியர், அடுத்த ஆட்டத்தில் முதலிற் செல்ல ஆளின்றித் தவிப்பார்.

இடைவெளியைக் காத்தற்கு நம் பகுதிச் சிறுவர் நன்கறிந்த உவமையொன்று உண்டு. கொழுந்து மலையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிரையைப் பற்றி மேலேறுவர். ஒருவர் தம் நிரையில் வெகுதூரம் முந்திச் சென்றுவிட, அயலவர் பின்தங்கினால் மலை ஒழுங்கின்றிக் கிடக்கும். முன்வரிசை மேற்சென்றால் நடுவரிசையும் பின்வரிசையும் அவ்வளவே மேற்செல்லவேண்டும் என்பதனைத் தாயின் தொழிலைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு வரைபடமின்றி விளக்கலாம். மூவரைப் பத்தடி நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தின் திசைக்கேற்ப நகரச் செய்தல் நல்ல பயிற்சி. சுற்றி நின்று நால்வர் பந்தை வழங்க, நடுவில் இருவர் பறிக்க முயலும் வட்ட ஆட்டமும் அத்தகையதே. றகீமின் வழியைப் பின்பற்றி, பந்தை இழந்தபின் ஐந்து எண்ணுமுன் மீட்டால் ஒரு கோலுக்குச் சமம் என விதி வகுத்து ஆடவிடலாம். ஐந்து எண்ணியும் மீளாதவர் தம் பாதிக்குத் திரும்பவேண்டும் என்னும் மறுபாதி விதியையும் உடன்சேர்க்கவேண்டும். பலர் அதனை விட்டுவிடுகின்றனர்.

வயதையும் கருதவேண்டும். பத்து வயதுக்குட்பட்டோர்க்கு ஒருவனோடு ஒருவன் பொருதும் சிறு ஆட்டங்களே போதும். அணி ஒழுங்கென்னும் சுமை வேண்டா. பன்னிரண்டு வயதளவில் இருவர் இணைந்து நெருக்கப் பழகலாம். பதினான்குக்குப் பின்னரே வரிசைகள் இணைந்தியங்கும் பாடம் மனத்திற் பதியும். வெற்றிக் கிண்ணத்துக்கு ஆசைப்பட்டுப் பதினொரு வயதினரை முழு நெருக்குதலுக்கு ஏவும் பழக்கத்தை நான் வன்மையாக மறுப்பேன். சிறுவர் ஆட்டத்தில் அது வெற்றி தரும். எதிரணிச் சிறுவர்க்கு நிதானமாக வழங்கத் தெரியாமையே அவ்வெற்றிக்குக் காரணம். மூன்றாண்டு கழித்து எதிரணி வழங்கப் பழகியபோது நம்மிடம் ஓட்டமன்றி வேறெதுவும் எஞ்சாது.

இனி, முன்னர்க் குறித்த உணவுப் பொருளுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதியில் அது ஏறத்தாழ 32 சதவீதமாய் இருந்தது. அக்குழந்தைகளே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். காலையில் தேநீரும் ரொட்டித் துண்டும் உண்டு, மலைப்பாதையில் நடந்து வந்து, பாடசாலை முடிந்தபின் வெறுவயிற்றோடு மைதானத்துக்கு வரும் பிள்ளையை “ஓடு” என்று ஏவுவது எங்ஙனம் தகும்? கீவ் நகரத்து அணியின் ஓட்டம் நிறைந்த உணவின்மேல் எழுந்தது. அவ்வுணவு இல்லாதவிடத்து அவ்வோட்டத்தை மட்டும் கேட்பது பயிற்சியாகாது. தோல்விக்குத் தண்டனையாக மைதானத்தைப் பத்துமுறை சுற்றி ஓடவிடும் வழக்கமும் அத்தகையதே. மறுநாள் அப்பிள்ளை வாரான். வாராமைக்குச் சோம்பல் என்று பெயரிடுவோம்.

ஆகவே, நம் அணிகளுக்கு உகந்தது பகுதி நெருக்குதலும் பொய் நெருக்குதலுமே. மைதானத்தின் நடுக்கோட்டளவில் வரிசை பிடித்து நின்று, எதிரணியின் பின்வரிசையினர் தமக்குள் வழங்கிக்கொள்ள விட்டு, பந்து ஓரத்துக்கு வந்த கணத்தில் மட்டும் நால்வர் மேற்செல்வது போதும். ஓர் ஆட்டத்தில் இத்தகைய பாய்ச்சல்கள் இருபது நிகழ்ந்து அவற்றுள் ஆறேழு பயன்தந்தால் அது நல்லாட்டம். குட்டையான பிள்ளையை அணியிலிருந்து நீக்குவோரும் இங்கே தம் கருத்தை மாற்றலாம். வளைந்து சென்று வழிமறிப்பதற்கு உயரம் வேண்டுவதில்லை. குறிப்பறியும் கண்ணே வேண்டும். பயிற்சிக்கு முன் ஒரு கோப்பைக் கடலையோ கௌபியோ அவித்துக் கொடுக்கப் பழைய மாணவர் சங்கங்கள் முன்வருமாயின், புதுச் சீருடை வழங்குவதிலும் அது பன்மடங்கு பயனளிக்கும்.

காலநிலையும் ஆசிரியர் கணக்கில் இருத்தல் வேண்டும். வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் இப்பக்கத்து மைதானங்கள் சேறாகும்; வழங்கிய பந்து பாதிவழியில் நிற்கும். நின்ற பந்து நெருக்குவோர்க்குக் கிடைத்த அழைப்பு. ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் யூலை முதல் செப்டெம்பர் வரையான வறள்காற்றுக் காலத்திலோ தரை இறுகிப் பந்து துள்ளும். எதிரி ஏற்கும் முதற்தொடுகை அடிக்கடி பிழைக்கும். அப்போது அருகில் நின்று காத்திருத்தல் நலம். வெறுங்காலோடு ஆடுவோர்க்கு அத்தரையிற் சறுக்கிப் பறித்தலைக் கற்பிக்கவே கூடாது. 1911இல் மோகன் பகான் அணியினர் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் படைப்பிரிவொன்றை வென்ற கதை மாணவர்க்குச் சொல்லத்தக்கதே. தோல் உரிந்த தொடைக்கு அது மருந்தாகாது.

பந்துக்காப்பாளனைப் பற்றியும் சில சொற்கள். பின்வரிசை மேலேறும்போது அதன் பின்னால் திறக்கும் வெளி அவனுக்கு உரியது. கோற் கம்பத்தைத் தழுவி நிற்கும் காப்பாளனை வைத்துக்கொண்டு நெருக்கியாடுதல், கதவைத் திறந்துவைத்துவிட்டு வீதியிற் காவல் நிற்பதை ஒக்கும். அவன் தண்டனைப் பெட்டியின் விளிம்புவரை வந்து நின்று, நீண்டு வரும் பந்தைக் காலால் அடித்தொதுக்கப் பழகவேண்டும். சரிவான மைதானங்களில் இதற்கொரு தனிக்கணக்கு உண்டு. நம் கோல் மேட்டுப்புறத்தில் இருக்கும் பாதியில், எதிரி தூக்கியடிக்கும் பந்து மேடேறித் தளரும். வரிசையைத் துணிந்து முன்னே நகர்த்தலாம். கோல் பள்ளத்துப்புறத்தில் இருக்கும் பாதியில் அதே பந்து உருண்டோடிக் காப்பாளனையும் கடந்துவிடும். பின்வரிசை பத்து முழம் கீழிறங்கி நிற்கவேண்டும், நெருக்கும் குறிகளையும் ஓரப் பந்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். இடைவேளையில் பக்கம் மாறும்போது தேசிக்காய்த் துண்டும் தண்ணீரும் கொடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஆசிரியர் இதனைப் பின்வரிசை நால்வர்க்கும் காப்பாளனுக்கும் தனியே அழைத்துச் சொல்லிவிடவேண்டும்.